கடலை எங்கே காய்க்கிறது? பெங்களூரில் பிள்ளைகளோடு விவசாயப் புத்தகங்கள் வாசித்த அனுபவம்

பெங்களூர் பானஸ்வாடிப் பக்கம் நாங்கள் இருக்கும் குடியிருப்பில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறேன். ஐந்து வயது வாண்டு முதல் பதினோரு வயதுப் பெரிய பிள்ளைகள் வரை வருவார்கள். பெரும்பாலும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிப்பார்கள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் ஓரிருவர்தான். அதனால் நான் சத்தமாக வாசிப்பேன், அவர்கள் படம் பார்ப்பார்கள், நடுவில் கேள்வி கேட்பார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம். அப்பாவுக்கு ராகி, கடலை, மொச்சை, தக்காளி. அதனாலேயே பயிர், செடி, சாப்பாடு பற்றிய புத்தகங்கள் எங்கே கிடைத்தாலும் வாங்கிவிடுவேன். அவற்றில் எது பிள்ளைகளின் மனதில் நிற்கிறது, எது மறுநாளே மறந்துபோகிறது என்பது இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. புத்தகத்தில் வரும் பொருள் அதே வாரத்தில் பிள்ளையின் கையில் இருந்தால் அந்தப் புத்தகம் நிற்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் பெரிய நகரத்தில் அதைச் செய்துகாட்ட கொஞ்சம் முன்யோசனை வேண்டும்.

முதலில் புத்தகம் தேர்ந்தெடுப்பது பற்றி. கதையைப் படிக்கும் முன்பே நான் படங்களைப் பார்ப்பேன். நிலக்கடலைச் செடியின் படம் இருந்தால் நேராக அங்கே போவேன். பல புத்தகங்களில் கடலை வேரில் கொத்தாகத் தொங்கும்படிதான் வரைந்திருக்கிறார்கள். ஒருமுறை அப்பா ஊரிலிருந்து வந்திருந்தபோது என் மகள் அப்படி ஒரு படத்தை அவரிடம் காட்டினாள்.

"இதுல கடலை வேருல தொங்குது பாரு பாப்பா. அப்படி எங்கயும் காய்க்காது."

"அப்ப எங்க தாத்தா காய்க்கும்?"

"மேல பூ பூக்கும். அந்தப் பூவுல இருந்து விழுது எறங்கி மண்ணுக்குள்ள போவும். அந்த விழுது நுனியிலதான் காய்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பூ மேலே இருந்தால் காயும் மேலேதானே இருக்க வேண்டும்? சரி, போட்டே பார்த்துவிடலாம் என்று ஆடியில் ஒரு அகலமான செடிப் பையில் கடலை ஊன்றினோம். வறுக்காத, மேல்தோல் உரியாத பருப்பாக இருக்க வேண்டும். ஒரு அங்குல ஆழம் போதும். மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். இறுகிய செம்மண்ணில் விழுது இறங்கத் திணறும், அதனால் மணலும் மக்கிய உரமும் கலந்தோம். ஏறக்குறைய ஒரு மாதத்தில் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள் வந்தன. காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் வாடிவிடும். பள்ளிப் பேருந்து வருவதற்கு முன் பார்த்தால்தான் உண்டு. பூ வாடிய சில நாட்களில் அதே கணுவிலிருந்து ஊதா கலந்த பச்சை நிறத்தில், தடித்த ஊசி போல ஒன்று கீழ்நோக்கி நீண்டது. அதுதான் விழுது.

பையின் விளிம்பை ஒட்டி இறங்கிய விழுதுகள் பிளாஸ்டிக்கில் முட்டி அப்படியே நின்றுவிட்டன. அவற்றில் காய் வைக்கவில்லை. மண்ணுக்குள் போன விழுதுகள் மட்டும்தான் காய்த்தன. இருட்டில்தான் நுனி பருத்துக் காயாகும் என்று அப்பா சொன்னதைப் பிள்ளைகள் அங்கேயே கண்ணால் பார்த்தார்கள். பூத்த பிறகு செடியின் அடியில் மண் அணைக்கிறோமே, ஊரில் ஜிப்சம் போடுகிறோமே, அதெல்லாம் எதற்கு என்று விளக்க எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. விழுது சுலபமாக இறங்க மண், காய் திரட்சியாக வர ஜிப்சத்தில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து.

ஆடியில் ஊன்றினால் இன்னொரு வசதியும் உண்டு. செடியைப் பிடுங்கும் நேரமும் பசவனகுடியில் கடலேகாய் பரிசே நடக்கும் நேரமும் ஒட்டி வரும். கன்னடக் கார்த்திக மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, தொட்ட பசவண்ணர் கோவிலைச் சுற்றி நடக்கும் கடலைத் திருவிழா அது. பெரும்பாலும் நவம்பரில் வரும், சில ஆண்டுகளில் டிசம்பருக்குத் தள்ளிப்போகும். கடலை வயலை மேய்ந்துகொண்டிருந்த காளையை அமைதிப்படுத்த, முதல் விளைச்சலை அதற்குக் கொடுப்பதாக விவசாயிகள் வேண்டிக்கொண்டார்கள் என்பது கோவிலின் கதை. சாலையின் இரண்டு பக்கமும் கடலைக் குவியல். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து கடை போடுகிறவர்களும் உண்டு, அவர்களிடம் தமிழிலேயே பேசலாம். "இது ரெண்டு பருப்புக் காயா, மூணு பருப்புக் காயா?" என்று எங்கள் பிள்ளைகள் கேட்க, கடைக்கார அம்மா ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு காயை உடைத்துக் காட்டினார். திங்கட்கிழமை மாலைக் கூட்டத்தில் சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம். முந்தின நாள் ஞாயிறு காலையிலேயே கடைகள் போட ஆரம்பித்துவிடுவார்கள், அப்போது போனால் நின்று பேச முடியும்.

படங்களில் வேறு சிலவற்றையும் பார்க்கிறேன். அன்னாசி மரத்தில் தொங்குகிறதா, முந்திரிக்கொட்டை பழத்துக்கு உள்ளே இருக்கிறதா, உருளைக்கிழங்கை வேர் என்று எழுதியிருக்கிறார்களா. (உருளைக்கிழங்கு தண்டு. அதன் கண்களிலிருந்து முளை வருவதைச் சமையலறையிலேயே காட்டலாம்.) பழங்கால ராஜா விருந்தில் மிளகாயும் தக்காளியும் இருந்தால் அதையும் சொல்லிவிடுவேன். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, கடலை, கொய்யா, பப்பாளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வந்த பிறகு இங்கே வந்து சேர்ந்தவை. அதற்கு முன் நம் சாப்பாட்டில் காரத்துக்கு மிளகு இருந்தது. இதைச் சொன்னால் பிள்ளைகள் ரொம்ப நேரம் யோசிக்கிறார்கள். தக்காளி இல்லாமல் ரசம் வைக்க முடியுமா என்ற வாக்குவாதம் அடுத்த வாரமும் தொடரும்.

அடுத்து, படத்தில் யார் வேலை செய்கிறார்கள் என்று பார்க்கிறேன். தலைப்பாகை, ஏர், இரண்டு மாடு, ஒரு ஆண். இதோடு முடிந்துவிடுகிற புத்தகங்கள் ஏராளம். எங்கள் ஊரில் நாற்று நடுவது, களை எடுப்பது, கடலை பறிப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள்தான். டிராக்டர் இருக்கிறது, சொட்டுநீர்க் குழாய் இருக்கிறது, இரவு எத்தனை மணிக்கு மும்முனை மின்சாரம் வரும் என்று பார்த்து எழுந்து மோட்டார் போடுகிற வாழ்க்கை இருக்கிறது. இதெல்லாம் இல்லாத புத்தகத்தைப் படிக்கிற பிள்ளை, விவசாயம் என்பது எப்போதோ தாத்தா காலத்தில் நடந்தது என்று நினைத்துக்கொள்கிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவர்களுக்கு: ஹலசூர் ஏரிக்கரையில் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசைப் புத்தகங்கள் விலை குறைவு. சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் புத்தகங்கள் போடுகிறது, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு அது நல்ல வசதி. எனக்கு அதிகம் கைகொடுத்தது ஸ்டோரிவீவர். நம் பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய இணையதளம். கதைகள் எல்லாம் திறந்த உரிமத்தில் இருப்பதால் இலவசமாகப் பதிவிறக்கி அச்சிடலாம். ஒரே கதை பல மொழிகளில் கிடைக்கும். எங்கள் காவலாளியின் மகன் கன்னடத்தில் ஒரு பக்கம் வாசிப்பான், நான் அதே பக்கத்தைத் தமிழில் வாசிப்பேன். தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கன்னடம் ஏறுகிறது, அவனுக்குத் தமிழ் ஏறுகிறது. செலவைக் குறைக்கக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுக் கொடுத்தால் பிள்ளைகளே வண்ணம் தீட்டிக்கொள்வார்கள். இலைக்கு என்ன நிறம் என்று பார்க்க மாடித் தோட்டத்துக்கு ஓடுவார்கள்.

எதை எப்போது வாசிப்பது என்பதற்கு நான் சந்தையைத்தான் பார்க்கிறேன். டிசம்பர், ஜனவரியில் பெங்களூர் முழுக்க அவரைக்காய் மணக்கும். நம்மூரில் மொச்சை என்கிறோமே, அதுதான். பனி விழுந்த காயில்தான் அந்த மணம் தூக்கலாக இருக்கும் என்பார்கள். அந்த வாரங்களில் பயறு வகை பற்றிய புத்தகம். வாசிக்கும்போதே நடுவில் ஒரு குவியல் காயைக் கொட்டிவிடுவேன். கைகள் உரிக்கும், காதுகள் கேட்கும். உரித்த கொட்டையை ராத்திரி ஊறவைத்து மறுநாள் தோலைப் பிதுக்கினால் பருப்பு துள்ளிக்கொண்டு வெளியே வரும், அதற்குப் பிள்ளைகளிடம் பெரிய போட்டி நடக்கும். எங்கள் பக்கத்தில் அதில் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைப்போம். இங்கே ஹிதிகித பேளே சாறு. ராகிக் களியோடு சாப்பிட இரண்டுமே பிரமாதம்.

அந்தக் காய்களுக்குள் புழு இருக்கும். நகரத்துப் பிள்ளைகள் அலறுவார்கள். புத்தகங்களில் வண்ணத்துப்பூச்சி நல்லது, புழு கெட்டது என்று பிரித்து வைத்திருப்பதால் வரும் சிக்கல் இது. ஒரு பெட்டியில் காயோடு அந்தப் புழுவை வைத்து, மேலே மெல்லிய துணி கட்டி, கொஞ்சம் மண் போட்டு வைத்தால் கூட்டுப்புழுவாகி அந்துப்பூச்சியாக வருவதைப் பார்க்கலாம். பயிரைத் தின்கிற புழு விவசாயிக்கு நட்டம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. அதைத் தேடித் தின்னும் மைனா வருகிறதே, அதையும் சேர்த்துப் பேசலாம்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்காத ஒன்று. விதை பற்றிய ஒரு கதையை வாசித்துவிட்டு, சமையலறை டப்பாக்களிலிருந்து ஒவ்வொரு சிட்டிகை எடுத்து ஈரத்துணி விரித்த தட்டுகளில் வைத்தோம். முழுப் பச்சைப்பயறு, துவரம்பருப்பு, தோலோடு உள்ள முழுத் துவரை, அரிசி, ஊரிலிருந்து கொண்டுவந்த விதைநெல், ராகி, பொட்டுக்கடலை, வெந்தயம், தனியா. எது முளைக்கும் என்று ஒவ்வொருவரும் முதலில் எழுதிக்கொடுத்துவிட வேண்டும்.

பயறும் வெந்தயமும் சீக்கிரமே வெள்ளை முளையை நீட்டின. ராகியும் முளைத்தது. துவரம்பருப்பு ஊறி உப்பி, பிறகு நாற ஆரம்பித்தது. முழுத் துவரை முளைத்தது. உடைக்கும்போது முளைக்கருவும் போய்விடுகிறது. அரிசியும் அப்படித்தான்: உமியும் தவிடும் நீக்கித் தீட்டும்போது கரு போய்விடும், அதனால் நெல் முளைக்கும், அரிசி முளைக்காது. பொட்டுக்கடலை வறுபட்டது, அதில் உயிர் இல்லை. தனியாவில்தான் வேடிக்கை. அதை வட்டமாக ஒன்றும், லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து ஒன்றும் வைத்திருந்தோம். உடைத்த துவரை முளைக்காததால் உடைத்த தனியாவும் முளைக்காது என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். மற்றதெல்லாம் முளைத்துப் பல நாள் கழித்து, இரண்டாக உடைத்த தனியாக்கள் முளைவிட்டன. ஒரு தனியாவுக்குள் இரண்டு விதைகள் சேர்ந்து இருப்பதால், பிளந்தால் ஒவ்வொரு பாதியிலும் ஒரு முழு விதை. கொத்தமல்லி விதைப்பதற்கு முன் ஊரில் தேய்த்து உடைப்பது அதற்குத்தான். ஏழு வயதுப் பையன் ஒருவன் அன்று வீட்டுக்குப் போய் அஞ்சறைப் பெட்டி முழுவதையும் முளைக்கப் போட்டுவிட்டதாக அவன் அம்மா சொன்னார்.

கீரை சாப்பிட்டால் பலம் வரும், காய்கறி சாப்பிடாத பையனுக்குக் காய்ச்சல் வந்தது என்கிற மாதிரிக் கதைகளை நான் எடுப்பதில்லை. இரண்டாம் பக்கத்திலேயே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது, இது நம்மைச் சாப்பிட வைக்கும் ஏற்பாடு என்று. முகம் மாறிவிடும். 2023ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது சிறுதானியம் பற்றி நிறையப் புத்தகங்களும் பள்ளிப் பாடங்களும் வந்தன. அவற்றிலும் இந்தச் சத்துப் பட்டியல் தொனிதான் அதிகம். நான் ராகிக் கதிரைக் கையில் கொடுத்தேன். விரல் மடக்கிய கை மாதிரி இருக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். கசக்கி, ஊதி, உள்ளங்கையில் நிற்கும் கடுகளவு மணிகளைப் பார்த்தார்கள். சாமை, தினை மாதிரி இதற்குத் தனியாக உமி நீக்க வேண்டாம், அப்படியே அரைக்கலாம், ஆண்டுக்கணக்கில் கெடாது என்று அப்பா சொல்வதைச் சொன்னேன். அன்று சில பிள்ளைகள் களி சாப்பிட்டார்கள், சிலர் சாப்பிடவில்லை. சாப்பிடாதவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. நவம்பரில் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்தில் நடக்கும் கிருஷி மேளாவுக்குப் போனால் நின்ற பயிராகவே ராகியைப் பார்க்கலாம். அரங்குகளை விட்டுவிட்டு, காலையிலேயே நேராகப் பயிர் வயல்களுக்குப் போய்விடுங்கள்.

விவசாயம் தெரிந்த ஒருவரைப் பிள்ளைகள் முன் உட்காரவைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு டோட்டோ-சானிலிருந்து வந்தது. டெட்சுகோ குரோயநாகி எழுதி 1981ல் ஜப்பானில் வந்த புத்தகம், தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. அதில் தலைமை ஆசிரியர் ஒரு விவசாயியை அழைத்துவந்து, இவர்தான் உங்களுக்கு விவசாய ஆசிரியர் என்று பிள்ளைகளிடம் அறிமுகப்படுத்துவார். பெங்களூரில் அப்படிப்பட்டவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. எங்கள் காவலாளி கலபுரகிக்காரர், துவரை விளைகிற சீமை. ஊரில் அவருக்கு நிலம் இருக்கிறது. கேட்டபோது, "நான் போய் என்ன மேடம் சொல்ல?" என்று தயங்கினார். இரவுப்பணி முடித்த அன்று கூப்பிடாமல் அவருடைய விடுமுறை நாளாகப் பார்த்துக் கூப்பிட்டோம். நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். அவர் நேரத்துக்கு ஒரு தொகை கொடுத்தோம். அப்படிச் செய்கிறவர்கள் இவற்றை மறக்காதீர்கள்.

அவர் கன்னடத்தில் பேசினார், நான் தமிழில் சொன்னேன். முதல் மழைக்கு விதைப்பது, டிசம்பர் ஜனவரி வரை செடி நிற்பது, வேர் ஆழமாகப் போவதால் கொஞ்சம் வறட்சியைத் தாங்குவது, உதிர்ந்த இலை மண்ணுக்கு உரமாவது. ஒரு சிறுமி எழுந்து, "அங்கிள், உங்க செடிய விட்டுட்டு ஏன் இங்க வந்தீங்க?" என்று கேட்டாள். மழை பொய்த்தால் கடன் நிற்கும், அறுவடை முடிந்தால் ஊரில் வேலை இருக்காது, மகனைப் படிக்க வைக்க வேண்டும் என்று அவர் நிதானமாகப் பதில் சொன்னார். யாரும் பேசவில்லை. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இது புரியும். குழந்தைப் புத்தகங்களில் மழை எப்போதும் நேரத்துக்கு வந்துவிடுகிறது, விளைச்சலுக்கு விலையே கிடையாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது வீடுகளில் எல்லாரும் புலம்பினோம். விலை விழுந்து பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டுகிற மாதங்களும் வருகின்றன, பாலக்கோட்டில் அதை நான் பார்த்திருக்கிறேன். பெரிய பிள்ளைகளோடு இதை ஒரு கணக்காகவே போடலாம்: பறிக்கக் கூலி, பெட்டிக்கு வாடகை, வண்டிக் கூலி, கமிஷன். மிச்சம் எவ்வளவு என்று அவர்களே கழித்துப் பார்க்கட்டும்.

வாசிக்கும் முறை பற்றிக் கொஞ்சம். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு படம், நாலு வரி போதும். எட்டு வயதுக்கு மேல் கதையைவிட எப்படி, ஏன் என்பதுதான் வேண்டும், அவர்களுக்குத் தகவல் புத்தகங்களைக் கொடுங்கள். கேள்வி வந்தால் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிடுங்கள், புத்தகம் முடியாவிட்டால் பரவாயில்லை. என்ன கற்றுக்கொண்டாய் என்று மட்டும் கேட்க வேண்டாம். டோட்டோ-சான் பள்ளியில் மதிய உணவில் கடலிலிருந்து கொஞ்சமும் மலையிலிருந்து கொஞ்சமும் இருக்க வேண்டும் என்பார்கள். நாங்கள் அதை மண்ணுக்கு மேலே விளைந்தது, மண்ணுக்குக் கீழே விளைந்தது என்று மாற்றிக்கொண்டோம். டிபன் டப்பாவைத் திறந்தாலே விளையாட்டு ஆரம்பம். வெங்காயத்தையும் மஞ்சளையும் எங்கே சேர்ப்பது என்று ஓடி வந்து கேட்பார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வெந்தயக் கீரையில் தொடங்குங்கள். மூன்று நான்கு வாரத்தில் கிள்ளலாம், சின்னப் பிள்ளைகளின் பொறுமைக்கு அது போதும். ஆடியில் கடலை, அதோடு ஒன்றிரண்டு தொட்டியில் ராகி. இடமும் நல்ல வெயிலும் இருந்தால் ஓட்டையில்லாத வாளியில் நெல்கூடப் போடலாம். நெல் பூப்பது காலை வெயிலில் கொஞ்ச நேரம்தான், பள்ளி விடுமுறை நாளாக இருந்தால் பிள்ளைகளுக்கு அதிர்ஷ்டம். கதிர் வெளியே வருவதற்கு முன்பே வலையைக் கட்டிவிடுங்கள். மணி முற்றட்டும் என்று சில்லைக் குருவிகள் காத்திருப்பதில்லை, பால் பிடிக்கும்போதே வந்துவிடும்.